புகைக்கும் ஒரு பாதை வேண்டும்

 

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் நாகை மாவட்டக் கரையைக் கடந்தது. கொல்லையில் நின்ற தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தை வீணாக்கலாகாது என்று எண்ணி அவற்றை விறகாகப் பிளந்து அடுக்கினோம். எரிவாயு அடுப்பு வீட்டில் இருந்தும், அந்த விறகு தீரும்வரை விறகடுப்பே போதும் என்று என் தாயார் கூறிவிட்டார்கள்.

அடுத்த மாதமே அவர்களுக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அம்மையார் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "வீட்டில் யாருக்கேனும் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் அப்பழக்கம் எவருக்கும் கிடையாது என்று நான் சற்றுப் பெருமையோடு கூறினேன். அவர் என்னை விட்டுவிட்டு என் தாயாரைப் பார்த்து, "எதில் சமைக்கிறீர்கள், அம்மா?" என்றார்.

"விறகடுப்பில்தான். 16 வயதில் நிக்காஹ் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல்."

"அப்படியானால் 50 ஆண்டுகளாக நீங்களும் புகைபிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்" என்றார் மருத்துவர்.

ஒரு பீடியைக்கூடக் கையால் தொட்டறியாத பெண்மணிக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பிள்ளைகளாகிய நாங்கள் அவர்களின் இருமலை 'வயதின் இருமல்' என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்திருந்தோம். விறகு, வறட்டி, கரி போன்றவற்றின் அடுப்படிப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவ்விறப்புகளுக்குக் காரணமான பக்கவாதம், இதயநோய், நிமோனியா, நுரையீரல் நோய்கள் ஆகியவற்றின் பெயர்களை நாம் அறிவோம். அவற்றுக்குப் பின்னால் ஓர் அடுப்பு இருந்ததைத்தான் அறிவதில்லை.

"எரிவாயு வந்துவிட்ட காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சிலிண்டர் சென்றது உண்மையே. எனினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைத்த இந்தியக் குடும்பங்கள் நூற்றுக்கு 59 அளவே. சிலிண்டர் உள்ள வீட்டிலும் தேநீருக்கு எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்ற ஏற்பாடு உண்டு. பெருநாள் பிரியாணிக்கு விறகடுப்பை விட்டால் வேறில்லை என்போரும் நம்மிடையே பலர். ஆகவே விறகு எரியும் வரையில் அதன் புகைக்கு ஒழுங்கானதொரு பாதை அமைப்பது நம் கடமையாகின்றது. அந்தப் பாதையை நான் முதலில் தவறாக அமைத்தேன். அக்கதையைச் சொல்ல எனக்கு வெட்கமே. ஆயினும் பிறருக்குப் பயன்படும் என்பதால் சொல்லுகிறேன்.

நான் வைத்த முதல் புகைபோக்கி

மருத்துவர் கூறியதைக் கேட்ட வாரமே கொத்தனாரை அழைத்தேன். எங்கள் அடுப்படி ஓட்டுக் கூரை உடையது. பனங்கையும் வரிச்சும் தாங்கும் பழைய கூரை. கொத்தனார் மேலே அண்ணாந்து பார்த்து, "பாய், குழாயை ஓட்டுக்கு மேலே நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். செலவு கொஞ்சம் ஆகும்" என்றார்.

ஓட்டைப் பிரித்தால் மழை ஒழுகும் என்று நான் அஞ்சினேன். செலவையும் எண்ணினேன். "சுவரில் ஒரு துளை போட்டுச் சந்துப் பக்கம் குழாயை விட்டுவிடுங்கள். புகை வெளியே போனால் போதும்" என்றேன். "இறவாணத்துக்குக் கீழே நிறுத்துவது சரியில்லை, பாய்" என்று அவர் மீண்டும் சொன்னார். நான் கேட்கவில்லை.

அடுப்பிலிருந்து புறப்பட்ட குழாய் படுக்கைவாக்கில் சுவரைக் கடந்து, 'எல்போ' எனப்படும் 2 வளைவுகளில் திரும்பி, சந்தில் சிறிது உயர்ந்து, இறவாணத்தின் கீழ் முடிந்தது. அடுப்படியில் புகை குறைந்தது. தாயார் துஆச் செய்தார்கள். நான் ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிறைவோடு மதரஸாவுக்குப் போய் வந்தேன்.

4 மாதங்கள் சென்றன. 2019ஆம் ஆண்டு மே மாதம், ரமளான். ஒரு நாள் ஸஹருக்குச் சோறாக்க அடுப்பைப் பெருக எரித்திருந்தார்கள். சந்தின் மறுபுறமிருந்து அண்டை வீட்டுப் பெண், "மாமி! இறவாணத்தில் தீ!" என்று அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாயின் வாயிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் தீக்கொழுந்து சீறுகின்றது. மேலே வரிச்சு கனன்றுகொண்டிருக்கின்றது. அப்பெண்ணின் கணவர் தம் வீட்டு மாடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். 2 பனங்கைகளின் முனையும் சில வரிச்சுகளும் கருகியதோடு அல்லாஹ் காப்பாற்றினான்.

பொழுது விடிந்த பின் நன்றி கூறச் சென்றேன். அப்போதுதான் அந்த வீட்டின் சன்னல் என் கண்ணில் பட்டது. எங்கள் குழாயின் வாய்க்கு நேர் எதிரே, 4 அடி தொலைவில், இறுகச் சாத்திய சன்னல். கதவின் மேல் கரிப் படலம். "இந்தக் கோடையில் சன்னலை ஏன் சாத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். "குழந்தைக்கு இருமல், நானா. அதனால்தான்" என்று மட்டும் சொன்னார். அக்குழந்தை பிறந்து அப்போது 5 மாதம்.

அண்டை வீட்டார் உரிமைகளை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகின்றவன் நான். அடுமனை, வெந்நீர்க் குளியலகம் ஆகியவற்றின் புகையால் பக்கத்து வீட்டாருக்கு நேரும் தொல்லையைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் பேசப்படுவதையும் அறிவேன். அறிந்திருந்தும், என் தாயாரின் நெஞ்சிலிருந்து எடுத்த புகையை 4 மாதங்களாக ஒரு பச்சிளங் குழந்தையின் நெஞ்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களோ ஒரு சொல்லும் சொல்லாமல் தங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

எங்கே தவறினேன்?

புகைபோக்கி என்பது வெறும் குழாய் அன்று. அது இழுக்கும் கருவி. சூடான காற்று இலேசானது. வெளிக்காற்று 30 பாகை வெப்பத்தில் இருக்க, குழாயினுள் புகை 150 பாகையில் இருக்குமானால், அப்புகையின் எடை அதே அளவு வெளிக்காற்றின் எடையில் ஏறத்தாழ பத்தில் 7 பங்கே. ஆகவே அது மேலெழுகின்றது. அதன் இடத்தை நிரப்ப அடுப்பின் வாய்வழியே புதுக்காற்று நுழைகின்றது. குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுப்பு மிகும். குழாயைப் படுக்க வைத்தால் இழுப்பு குறையும். ஒவ்வொரு வளைவும் அதைத் தடுக்கும்.

இழுப்புக் குறைந்து புகை மெதுவாக ஊர்ந்தால் வழியில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த புகையிலுள்ள எரியாத எண்ணெய்ப் பொருள்கள் குழாயின் உட்சுவரில் கீல்போலப் படியும். விறகு ஈரமாயிருந்தால் இந்தப் படிவு இன்னும் மிகுதி. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கலாம். நன்றாக உலர்ந்த விறகில் அது 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். என் வீட்டு விறகோ மழையில் நனைந்து, திறந்த வெளியில் கிடந்த புயல் மரம். 2 வளைவுகளிலும் மாதக்கணக்கில் சேர்ந்த கீல்தான் அன்று தீப்பற்றி எரிந்தது. கொத்தனார் முதல் நாளே எச்சரித்திருந்தார். குற்றம் முழுதும் என்னுடையதே.

நம் நாட்டின் பழைய பாடம்

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. வார்தாவின் மகன்வாடியில் 1947 வாக்கில் உருவான 'மகன் அடுப்பு' புகைபோக்கி உடையது. 1950களில் ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு ஏழை எளியவர்களின் சமையலறைக்கென ஓர் அடுப்பை வடிவமைத்தார். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட 'அஸ்த்ரா' குழுவினர் 3 பாத்திரங்கள் வைக்கும் அடுப்பைத் தந்தனர். 1980களின் தொடக்கம் முதல் 2002 வரை நடுவண் அரசே நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகளை அமைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை.

காரணத்தை ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு விளக்குகின்றது. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் அவருடைய தோழர்களும் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை 4 ஆண்டுகள்வரை கவனித்தனர். புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் முதல் ஆண்டு சமைப்போர் உட்கொண்ட புகை குறைந்தது. அதன் பின்னர் அப்பயன் மறைந்துபோயிற்று. குழாயைத் துடைப்பாரில்லை, உடைந்ததைச் செப்பனிடுவாரில்லை, அடுப்பைப் பயன்படுத்துவதும் குறைந்துவிட்டது. புகைபோக்கியை வைப்பது ஒருநாள் வேலை. அதைப் பேணுவதுதான் பயன் தருவது என்பதே இதன் பாடம்.

முறையாக அமைப்பது எப்படி?

ரமளான் முடிந்ததும் அதே கொத்தனாரை மீண்டும் அழைத்தேன். இம்முறை அவர் சொற்படி நடந்தேன். அதோடு, விறகடுப்பின் புகைபோக்கிகளுக்கு விரிவான விதிகள் வகுத்துள்ள அமெரிக்க நாட்டுத் தீப் பாதுகாப்பு அளவுகளையும் தேடிப் படித்தேன். இரண்டும் சேர்ந்து எனக்குக் கற்பித்தவற்றைக் கீழே தருகிறேன்.

முதலாவது, அடுப்பின் வாய். நம் அடுப்புகளில் பாத்திரத்தைத் தாங்க 3 குமிழ்கள் உண்டு. அவற்றின் இடைவெளியால்தான் புகை அறைக்குள் வருகின்றது. புகைபோக்கி வைத்த அடுப்பில் குமிழ் கூடாது. பாத்திரம் துளையில் அழுந்த உட்கார வேண்டும். கொடியடுப்பில் பாத்திரம் இல்லாதபோது அதை ஒரு தட்டால் மூடிவிட வேண்டும். குழாய், கொடியடுப்பின் பின்புறத்திலிருந்து எழ வேண்டும்.

இரண்டாவது, குழாய். பி.வி.சி. குழாயை ஒருபோதும் வைக்கலாகாது. அது உருகி நச்சுப் புகை தரும். பழைய திட்டங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் வைத்தனர். ஆஸ்பெஸ்டாஸ் இழை புற்றுநோய் விளைவிப்பதாதலால் இன்று அதை நாட வேண்டியதில்லை. தீயை ஒட்டிய அடிப்பகுதியைச் செங்கல்லால் கட்டி, அதன்மேல் தகரப் பட்டறையில் செய்த 4 அங்குல விட்டமுள்ள இரும்புத் தகட்டுக் குழாயைப் பொருத்தினோம். ஒவ்வோர் இணைப்பிலும் மேற்குழாயின் முனை கீழ்க்குழாயின் உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் கீல் வெளியே கசியாமல் உள்ளேயே இறங்கும். இணைப்புக்கு 3 திருகுகள் போட்டு மண்சாந்து பூச வேண்டும்.

மூன்றாவது, பாதை. குழாய் நேராக மேலே செல்வதே நலம். திரும்பியே ஆகவேண்டுமானால் சரிவான வளைவாக இருக்கட்டும். 2 வளைவுகளுக்கு மேல் வேண்டாம்.

நான்காவது, மரத்துக்கும் குழாய்க்கும் உள்ள தூரம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பனங்கை, வரிச்சு, பரண், விறகுக் கட்டு ஆகிய எரியக்கூடிய எதற்கும் இடையே 18 அங்குலம், அதாவது ஒன்றரை அடி, வெற்றிடம் வேண்டும். குழாய் கூரையைக் கடக்குமிடத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றரை அடிக்கு மரத்தை அகற்றி, அவ்விடத்தை இரும்புத் தகட்டால் மூடினோம். கீற்றுக் கூரை உள்ளவர்கள் இதில் சிறிதும் அசட்டை செய்யலாகாது. குழாயைச் சுற்றியுள்ள கீற்றை வெட்டி எடுத்துத் தகடு போடாமல் அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். தீப்பொறி பறவாதிருக்க, குழாயின் உச்சியில் அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலையும் வேண்டும்.

ஐந்தாவது, உயரம். கூரையைக் கடக்குமிடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். மேலும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரையையும் சுவரையும்விட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். காற்று கூரையில் மோதிப் புகையைக் கீழே அமுக்காதிருக்கவும், பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் புகை போகாதிருக்கவும் இந்த அளவு. எங்கள் அண்டை வீடு மாடி வீடானதால் குழாயை மேலும் உயர்த்த வேண்டியதாயிற்று. காற்றில் ஆடாதபடி 3 பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டினோம். உச்சியில் மழைத்தொப்பி. தொப்பிக்கும் குழாயின் வாய்க்கும் இடையே குழாயின் விட்டத்துக்குக் குறையாத இடைவெளி விட்டோம்.

ஆறாவது, அடியில் ஒரு மூடி. கரியைத் தட்டி எடுக்கக் குழாயின் அடியில் கையளவு திறப்பு வைத்து, அதை இறுக மூட வேண்டும்.

சாம்பிராணிச் சோதனை

வேலை முடிந்ததும் ஓர் எளிய சோதனை செய்யலாம். அடுப்பு எரியும்போது சாம்பிராணிப் புகையைப் பாத்திரத்தின் விளிம்பருகிலும் குழாயின் இணைப்புகளருகிலும் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் அமைப்பு சரி. வெளியே தள்ளப்பட்டால் எங்கோ கசிவோ அடைப்போ உள்ளது.

அதிகாலையில் குழாய் குளிர்ந்திருக்கும்; முதலில் புகை திரும்பும். குழாயின் அடித் திறப்பில் ஒரு காய்ந்த கீற்றைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கி, திறப்பை மூடிய பின்னர் அடுப்பைப் பற்றவைத்தால் அத்தொல்லை இராது. புகைபோக்கி இருக்கிறதே என்று சன்னல்களை அடைக்கவும் கூடாது. காற்று உள்ளே வந்தால்தான் புகை வெளியே போகும். மின்சார வெளியேற்று விசிறியைச் சன்னலை மூடிவிட்டு ஓட்டினால் அது குழாய்வழியே புகையை அறைக்குள்ளேயே இழுத்துவிடும்.

இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் தன்மையது. கனலும் கரியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. ஒரே அறையிலுள்ள பலருக்கு ஒருசேரத் தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே வெளியேறிவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை

நாள்தோறும் எரியும் அடுப்பின் குழாயை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். அடுப்பு முற்றும் குளிர்ந்த பின், தொப்பியைக் கழற்றி, தேங்காய் நார்க்கட்டில் கல்லைக் கட்டிக் கயிற்றால் மேலும் கீழும் இழுத்தால் போதும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க. உச்சியிலுள்ள கம்பிவலையையும் அப்போதே தட்டிவிடுக. அது அடைபட்டால் எல்லாம் வீண். எங்கள் வீட்டில் பிறை பார்த்த மறுநாள் என்று இதற்கு நாள் குறித்திருக்கிறேன். அந்நாளில் கரி பூசிய முகத்தோடு நான் நிற்பதைக் கண்டு மதரஸாப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும், புகைபோக்கி வைத்த விறகடுப்பு எரிவாயு அடுப்புக்கு ஈடாகாது. நெஞ்சுநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில், இயன்றவரை எரிவாயுவே நல்லது. என் தாயாரின் நுரையீரல் இழந்ததை எந்தக் குழாயும் திருப்பித் தரவில்லை. இப்போது அன்றாடச் சமையல் எரிவாயுவில். வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் மட்டுமே விறகு.

புதுக் குழாய் எழுந்து சில நாட்கள் சென்றபின், அண்டை வீட்டுப் பெண் தம் சன்னலின் கரியைச் சோப்பு நீரால் கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மறுநாள் அந்தச் சன்னல் திறந்திருந்தது. இப்போது அந்தக் குழந்தை அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சந்துக்கு இப்புறமிருக்கும் என் தாயாரை "நன்னி" என்று கூப்பிடுகின்றது.

வாசக நேயர்களே, இன்று உங்கள் வீட்டில் அடுப்பு எரியும்போது அடுப்படியில் 10 நிமிடம் நின்று பாருங்கள். பிறகு வெளியே வந்து, அந்தப் புகை எந்தச் சன்னலை நோக்கிச் செல்கின்றது என்றும் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.